கழுவிவிட்டால் கசிவு நின்றுவிடுமா?

நம்மூர் லாரிக்கு வருஷத்தில் இரண்டு முறைதான் தலைக்குக் குளியல். ஒன்று ஆயுத பூஜை, இன்னொன்று எஃப்சி. மற்ற நாளெல்லாம் முன்கண்ணாடிக்கு ஒரு வாளித் தண்ணீரோடு சரி. ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவதில் பக்தி இருக்கிறது. அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எஃப்சிக்குக் குளிப்பாட்டுவதில்தான் சூது இருக்கிறது.

எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் வண்டி வாட்டர் வாஷுக்குப் போகும். இன்ஜின் முழுக்க விரற்கடை கனத்துக்கு ஏறியிருக்கும் கறுப்புக் களிம்பைத் தண்ணீர் வைத்து அடித்துத் தள்ளி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நேரம் இருந்தால் ஆயில் சம்ப்புக்கு ஒரு கை கறுப்பு பெயின்டும் அடித்துவிடுவார்கள். மறுநாள் காலை வண்டி மாப்பிள்ளை மாதிரி போய் நிற்கும். (பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் புத்தகத்தைத் திறக்கிற கூட்டத்துக்கு இது நன்றாகவே புரியும்.) சான்றிதழ் கைக்கு வந்த ஒரே வாரத்தில் அதே இடத்தில் அதே களிம்பு. அதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. அடுத்த எஃப்சிக்கு இன்னும் 51 வாரம் இருக்கிறதே!

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "லாரின்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்." இன்னும் கொஞ்சம் நகைச்சுவை உள்ளவர்களாக இருந்தால், "ஒழுகுதுன்னா உள்ளே ஆயில் இருக்குன்னு அர்த்தம், ஒழுகலைன்னாத்தான் பயப்படணும்" என்பார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரிப் பட்டறை வாசலில் நின்றாலும் இந்த ஜோக்கைக் கேட்கலாம். சிரிப்பு வரும்தான். ஆனால் ஜோக்கைச் சொல்லிவிட்டு வண்டியை அப்படியே ஓட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு போய்விடுகிறது.

காமர்ஸ் படிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் பேப்பரும் பேனாவும் எடுங்கள். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 20 சொட்டு. வண்டி ஓடும்போது 10 விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் இதைக் கசிவு என்றே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் 3,600 சொட்டு, அதாவது 180 மில்லி. மாதம் 25 நாள் ஓட்டத்துக்கு 4.5 லிட்டர். லிட்டர் 300 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 1,350, வருஷத்துக்கு 16,200 ரூபாய். 15 லிட்டர் ஆயில் கொள்கிற இன்ஜினில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாதாமாதம் ரோட்டில் கொட்டுகிறது.

இந்த 16,200 எந்தக் கணக்கிலும் இருக்காது என்பதுதான் வேடிக்கை. ஒன்று இரண்டு வண்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் உத்தேச வருமான முறையில் வரி கட்டுகிறவர். 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்று படித்திருப்பீர்கள். 10 வண்டி வரை வைத்திருப்பவருக்கு டன்னுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வருமானத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். டீசல் எவ்வளவு, ஆயில் எவ்வளவு என்று தனியாக யாரும் கேட்பதில்லை. வரிக்காரர் கேட்காத கணக்கை முதலாளி தனக்காகவாவது எழுதலாம் இல்லையா? எழுதுவதில்லை. டிரைவர் வழியில் வாங்கி ஊற்றிய ஒரு லிட்டரும், கிளீனர் டப்பாவில் இருந்து ஊற்றிய அரை லிட்டரும் 'வழிச்செலவு' என்ற பெரிய பானைக்குள் போய்விடும். சீல் மாற்ற மெக்கானிக் கேட்கிற கூலி மட்டும் முழுத் தொகையாகக் கண்ணில் படும், கண்ணை உறுத்தும்.

"அண்ணே, பின் சீல் போயிருக்கு. கியர்பாக்ஸ இறக்கணும்."

"இப்ப சீசன் டைம்பா. ரெண்டு லிட்டர் ஊத்தி ஓட்டு, அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த 'அப்புறம்' வரவே வராது. வருகிற நாளில் சீலோடு வராது. ஆயில் அளவு குறைந்து, பேரிங் காய்ந்து, இன்ஜின் பிடித்துக்கொண்டபிறகு கிராங்க் கிரைண்டிங், ரீபோர் என்று லட்சங்களில் பேசுகிற வேலையாக வரும். அன்றைக்கு முதலாளி கேட்கிற முதல் கேள்வி, "டிரைவர் ஆயில் பார்க்கலையா?" என்பதுதான். ஒழுகுகிற வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒழுகியதற்கும் அவனே பொறுப்பு என்பது எந்த ஊர் நியாயம்? பின் சீல் வழியாக வருகிற ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்தால் லோடோடு மேடு ஏறும்போது கிளட்ச் நழுவும். சேலத்திலிருந்து தருமபுரி போகிற வழியில் தொப்பூர் ஏற்றத்தில் அப்படி நின்றுபோகிற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் முதலாளி இல்லை. டர்போவுக்குப் போகிற ஆயில் குழாயில் கசிவு என்றால் அது இன்னும் மோசம். பிரஷரோடு வருகிற ஆயில், கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேல் தெறிக்கும். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

வண்டிக்குள் இருப்பவரை விடுங்கள். டோல்கேட் வரிசையில் லேனின் நடுவே ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகத்தடைக்கு முன்னாலும் சிக்னலிலும் அதே பட்டை இருக்கும். வண்டிகள் மெதுவாகப் போகிற, நிற்கிற இடத்தில் சொட்டியதெல்லாம் சேர்ந்த பட்டை அது. முதல் மழையில் அதன்மேல் பிரேக் பிடித்து வழுக்கி விழுகிறவர் பைக்கில் வருகிற யாரோ ஒருத்தர். அந்த ஆள் எந்த லாரி முதலாளியிடம் போய் நஷ்டஈடு கேட்பார்?

இவ்வளவு சொல்லிவிட்டு, கழுவவே கூடாது என்று சொல்லப்போவதில்லை. கழுவத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்குக் கழுவுவது கசிவை மறைக்க. அதைக் கண்டுபிடிப்பதற்காகக் கழுவினால் என்ன? வேலையும் தண்ணீரும் மண்ணெண்ணெயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எப்படி என்றால், முதலில் கழுவாமல் பார்க்க வேண்டும். அந்தக் கறுப்புக் களிம்பு வெறும் அழுக்கு இல்லை, அது ஒரு சாட்சி. பழைய கசிவு தூசியைப் பிடித்து உலர்ந்து மேலோடு மாதிரி இருக்கும். இப்போதைய கசிவு ஈரமாக, பளபளப்பாக, தூசியைக் கழுவிக்கொண்டு ஒரு கோடாக இறங்கும். வாட்டர் வாஷில் முதல் பீச்சிலேயே இந்தச் சாட்சியம் சாக்கடைக்குப் போய்விடுகிறது. எல்லோர் கையிலும்தான் கேமரா போன் இருக்கிறதே, கழுவுமுன் இன்ஜினின் நாலு பக்கமும் நாலு படம் எடுத்துவைக்க என்ன கேடு?

அடுத்து, சொட்டுவது ஆயில்தானா, எந்த ஆயில் என்று பார்க்க வேண்டும். ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டால் காலையில் அது சொல்லிவிடும். டீசல் இன்ஜின் ஆயில் கன்னங்கரேல் என்று இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, மூக்கைத் துளைக்கிற கந்தக வாடையோடு வரும். டீசல் என்றால் தண்ணீராக ஓடும், வாடையே காட்டிக்கொடுக்கும். பெல் ஹவுசிங் அடியில் சொட்டுகிறது என்றால் உடனே 'இன்ஜின் பின் சீல் அவுட்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் முன் சீல் போனாலும் அதே இடத்தில்தான் சொட்டும். விரலில் தொட்டு மோந்து பார்க்க ஒரு நிமிஷம். பார்க்காமல் பிரித்தால் இரண்டு நாள் வண்டி நிற்கும், கசிவும் நிற்காது.

பிறகு கழுவலாம். இன்ஜின் ஆறியபிறகு. களிம்பை முதலில் மரச்சில்லாலோ பட்டித் தகட்டாலோ சுரண்டி ஒரு தட்டில் வாங்கிவிட்டு, மிச்சத்தை பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டு ஊறவைத்து, சோப்புத்தூள் தண்ணீரால் அலச வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. டைனமோ, செல்ஃப் மோட்டார், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பை கட்டி மூட வேண்டும். பிரீதர் குழாயிலும் டிப் ஸ்டிக் வாயிலும் தண்ணீரைப் பீச்சக் கூடாது. பீச்சினால் தண்ணீர் நேரே ஆயிலுக்குள் போகும். ஓடிக் களைத்து வந்த வண்டியின் சூடான டீசல் பம்ப்பில் பச்சைத் தண்ணீரை அடிப்பது பம்ப்பையே பிடிக்கவைக்கிற வேலை. (வாட்டர் வாஷ் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்களுக்குக் கூலி வண்டிக்கு இவ்வளவு என்று.)

காய்ந்தபிறகு இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். கீழிருந்து மேலாக இல்லை! ஆயில் கீழே இறங்கும், ஃபேன் காற்றும் ஓட்டக் காற்றும் அதைப் பின்னால் தள்ளும். ராக்கர் கவரில் கசிந்தது சம்ப்பின் மூலையில் சொட்டும். முன்பக்க டைமிங் சீலில் கசிந்தது கியர்பாக்ஸ் வரைக்கும் பூசிக்கொண்டு போகும். சொட்டுகிற இடத்தில் ஸ்பேனர் வைக்கிற மெக்கானிக், வீட்டில் சுவர் ஓதம் காத்தால் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள் மாதிரி. சந்தேகம் உள்ள இடத்தில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தால், முதலில் நனைந்து கோடு விழுகிற இடம்தான் வாய். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து பார்க்கிற முறையும் உண்டு. ரொம்பச் சின்னக் கசிவுக்கு அது நல்லது. ஆனால் பத்து ரூபாய் பவுடரில் தெரிகிறதைக்கூடப் பார்க்காத இடத்தில் சாயத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒழுகுகிற ராசி வேறு. டாடா 2515 மாதிரி வண்டிகளில் இருக்கிற 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி மூடி, ஆக மொத்தம் ஆறு மூடி, ஆறு பேக்கிங். பக்கவாட்டில் டீசல் பம்ப்புக்குப் பின்னால் மறைவாக ஒரு நீளமான மூடி இருக்கிறது. அங்கே கசிந்தால் கண்ணுக்கே தெரியாது, ஆயில் பாட்டுக்கு பிளாக் ஓரமாகப் பின்னால் வழிந்து பெல் ஹவுசிங் பக்கம் சொட்டும். பார்க்கிறவர் 'பின் சீல்' என்பார். முன்னூறு ரூபாய் பேக்கிங் சமாச்சாரத்துக்குக் கியர்பாக்ஸை இறக்கினால் யார் தலையில் விடியும்?

எந்த சீலையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அதுதான் பிரீதர். இன்ஜின் பழையது ஆக ஆக, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்கும். அது வெளியேற இருக்கிற ஒரே மூக்கு பிரீதர் குழாய். அந்தக் குழாய் களிம்பேறி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற சீல், பேக்கிங் எல்லாவற்றிலும் ஆயிலைப் பிதுக்கும். மூக்கை அடைத்துவிட்டுக் காதில் பஞ்சு வைக்கிற வைத்தியம்தான் இங்கே நடக்கிறது. மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கசிகிற வண்டியில் மூன்று சீலும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மாதத்தில் போயிருக்குமா? வண்டி சூடேறி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அதே வாயில் சும்மா வைத்துப் பாருங்கள். மூடி குதித்தாலோ புகை பம்பிக்கொண்டு வந்தாலோ விஷயம் வேறு. குழாயைச் சுத்தம் செய்தும் அது அடங்கவில்லை என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. புது சீல் எத்தனை மாற்றினாலும் அந்த வண்டி ஒழுகும். இதை முதலாளியிடம் சொல்லிவிடுகிற மெக்கானிக் நேர்மையானவர். சொல்லாமல் சீல் மாற்றி பில் போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது?

ஊற்றுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "எப்படியும் ஒழுகும், கூடவே ஊத்திக்க" என்று டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுகிறார்கள். அளவு மீறினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், அழுத்தம் ஏறும், கசிவும் கூடும். கசிவுக்குப் பயந்து ஊற்றியதே கசிவாகிறது. கெட்டி ஆயில் போட்டால் நிற்கும் என்று 15டபிள்யூ-40 போக வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது இன்னொரு வைத்தியம். சீலை ஊதவைக்கிற டப்பா மருந்து மற்றொன்று. ரப்பர் கொஞ்ச நாள் உப்பும், காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி. கிழிந்த சீல் எதனாலும் ஒட்டாது.

அப்புறம் நம் பட்டறைகளின் சர்வரோக நிவாரணி, பேஸ்ட். பேக்கிங் போட வேண்டிய இடத்தில் பேஸ்ட், பேக்கிங் போட்ட இடத்திலும் மேலே பேஸ்ட். பழைய பேஸ்ட்டைச் சுரண்டாமல் அதன்மேல் புதுப் பேஸ்ட். உள்பக்கம் பிதுங்கிய துணுக்கு ஆயிலோடு சுற்றி சம்ப் ஜாலியில் போய் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு ஆயில் எங்கிருந்து ஏறும்? போல்ட்டை இறுக்குவதிலும் அதே வீரம். கார்க் பேக்கிங் உள்ள மூடியை முழுப் பலத்தோடு முறுக்கினால் கார்க் பிதுங்கி வெடிக்கும், தகடு வளையும். அந்த மூடி அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஒழுகும். சீல் போடும்போது உதட்டில் ஆயில் தடவிப் போடுவது கைப்பழக்கம். பல சீல்களுக்கு அது சரி. கம்மின்ஸ் பி வரிசை இன்ஜின்களின் கிராங்க் சீலைச் சுத்தமாக, ஆயில் படாமல், உலர்ந்தபடியே போட வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. கிராங்க்கில் பழைய சீல் தேய்த்த பள்ளம் இருந்தால், புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து ஒழுகும். அதற்கு ஸ்லீவ் போட வேண்டும். "புது சீல் போட்டும் ஒழுகுதுங்க, கம்பெனி பொருளே சரியில்லை" என்கிற புலம்பலில் பாதி இந்த இடத்தில் பிறந்ததுதான்.

எல்லா ஈரமும் கசிவு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 20 வருஷ இன்ஜினில் மூடி ஓரமாகக் கொஞ்சம் வியர்க்கும். துடைத்தால் ஒரு மாதம் கழித்துத் திரும்ப ஈரமாகும், சொட்டாது. அதற்காக வண்டியை நிறுத்துகிறவன் பிழைக்கத் தெரியாதவன். அதைக் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். பிரஷர் உள்ள குழாய், எக்ஸாஸ்ட் பக்கம், கிளட்ச் பக்கம் இந்த மூன்றில் மட்டும் 'அப்புறம்' என்ற பேச்சே இருக்கக் கூடாது. பின் சீல் விஷயத்திலும் ஒரு வழி இருக்கிறது. கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸ் எப்படியும் ஒரு நாள் இறங்கும். அன்றைக்கே பின் சீலையும் மாற்றிவிட்டால் கூடுதல் செலவு சீல் விலையும் கொஞ்சம் கூலியும்தான். காஸ்டிங் வகுப்பில் ஜாயின்ட் காஸ்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதன் பாமர உதாரணம் இது. "இப்பத்தான் ஒழுகலையே, எதுக்கு?" என்று மிச்சம் பிடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே கியர்பாக்ஸை அதே கூலி கொடுத்துத் திரும்ப இறக்குகிறவர்கள் எத்தனை பேர்!

கழுவிய தண்ணீருக்கும் சுரண்டிய களிம்புக்கும் வருவோம். அது எங்கே போகிறது? பட்டறைக்குப் பின்னால் இருக்கிற ஓடைக்கு. அங்கிருந்து ஏரிக்கோ கிணற்றுக்கோ. கழிவு ஆயில் 2016 அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். நடப்பில் அது சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும், செல்லரிக்காமல் இருக்க மரத்துக்குப் பூசவும் கேன் கேனாகப் போகிறது. கேனில் பிடித்ததாவது போகட்டும், கழுவித் தள்ளியதை யார் பிடிப்பது? தரையில் மரத்தூள் பரப்பிச் சொட்டியதை வாங்கிக்கொள்ளலாம், களிம்பைத் தண்ணீர் படுமுன்னே சுரண்டி டின்னில் அடைக்கலாம். வாட்டர் வாஷ் ஷெட்டில் ஆயிலையும் தண்ணீரையும் பிரிக்கிற தொட்டி கட்டச் சொல்லலாம். கறுப்பு ஆயில் முழங்கை வரை வழிய, கையுறை இல்லாமல், மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கிற பட்டறைப் பையனுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தரலாம். ஆயில் கேனிலேயே தோலில் நீண்ட நேரம் படவிடாதே என்று எழுதியிருக்கிறது. அதை அவன் படித்துப் பார்க்க நேரம் கொடுத்தவர் யார்?

எஃப்சி அதிகாரிகள் மீதும் ஒரு வருத்தம் உண்டு. நேற்றுச் சாயங்காலம் கழுவிய இன்ஜினைப் பார்த்து ஒன்றும் தெரியாதுதான். ஆனால் புதுப் பெயின்ட் வாடை அடிக்கிற சம்ப்பைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்கத் தோன்ற வேண்டாமா? பத்து நிமிஷம் ஓடவிட்டு அடியில் ஒரு அட்டையைப் போடச் சொன்னால் போதும்.

முதலாளிகளுக்கு அதைவிடச் சுலபமான வேலை ஒன்று இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு 40 பக்க நோட்டு. ஆயில் ஊற்றுகிற ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், அவ்வளவுதான். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து டிரைவர் எழுதட்டும். மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், மெக்கானிக் கேட்ட கூலியையும் நோட்டில் இருக்கிற தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம். இப்போது அந்த நோட்டு இருக்கிற லாரிகளில் அதில் எழுதியிருப்பது வழிச்செலவு, டோல், டீசல், டிரைவர் படி. ஆயிலுக்கு ஒரு பத்தி கோடு போட்டுக்கொடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.